கால் தரையில் படும்வரை

பிப்ரவரி 9

ஐயா,

என் கணவர் இறந்தபோது நீங்கள் அனுப்பிய இரண்டு வரிக் கடிதம் கிடைத்தது. பதினொரு மாதம் ஆகிறது. வந்த நூற்று நாற்பது கடிதங்களுக்கும் கைப்பட நன்றி எழுதினேன். உங்களுடையதற்கு மட்டும் எழுதவில்லை. அது மறதி அல்ல, வேண்டுமென்றே செய்தது. அந்த மரியாதைக் குறைவை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கடற்படையின் வரலாற்றுப் பிரிவு அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாகக் கொண்டுவருகிறது. பதினேழு வயதில் பயிற்சிக் கப்பலில் தளம் கழுவியதிலிருந்து அட்மிரலாக ஓய்வு பெற்றது வரை பதினான்கு அத்தியாயங்கள். ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் நான் கையெழுத்திட வேண்டும். குடும்பத்தின் ஒப்புதல் இல்லாமல் அச்சுக்குப் போகாதாம். ஏப்ரல் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். பதின்மூன்றில் போட்டுவிட்டேன், அவர்கள் தப்பாக எழுதிய தேதிகளையெல்லாம் திருத்திய பிறகு. ஆறாவது அத்தியாயம் மட்டும் மேசைமேல் கிடக்கிறது.

அது உங்கள் கப்பலைப் பற்றியது. அவர் முதன்முதலாகக் கேப்டன் பொறுப்பேற்ற ரோந்துக் கப்பல், முப்பத்தொன்பது வருடங்களுக்கு முன் மூடுபனியில் மணல்திட்டில் ஏறியது. அப்போது கேப்டனுக்குப் பதிலாகக் கப்பலைப் பார்த்துக்கொள்ளும் காவல் பொறுப்பில் நின்ற இளம் அதிகாரி நீங்கள். அத்தியாயத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது: "பனி இறங்கியதைக் கேப்டனுக்கு அறிவித்ததாகக் காவல் அதிகாரி பொய்யுரைத்தார். விசாரணையில் அது நிரூபணமாகிப் பணிநீக்கம் செய்யப்பட்டார்."

அன்று கேப்டன் அறைக்கு இறங்கும் பேச்சுக்குழாயில் நீங்கள் என்ன சொன்னீர்கள், கீழேயிருந்து என்ன பதில் வந்தது? சொல்லுக்குச் சொல் வேண்டும். சுருக்கம் வேண்டாம். விளக்கமும் வேண்டாம்.

இப்படிக்கு,
அட்மிரலின் மனைவி


பிப்ரவரி 21

மேடம்,

பென்சிலில் எழுதுவதற்கு மன்னிக்கவும். படகில் பேனா தங்குவதில்லை, யாராவது கொண்டுபோய்விடுகிறார்கள். நான் இந்தத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறேன். தானாகக் கரை ஒட்டத் தெரியாத பெரிய கப்பல்களை இடுப்பில் முட்டி முட்டிச் சேர்ப்பது எங்கள் வேலை. முப்பத்தைந்து வருடமாக இதுதான்.

நீங்கள் கேட்டதைச் சொல்லுக்குச் சொல் மூன்று அதிகாரிகள் முன்னால் இரண்டு நாள் சொன்னேன். அதில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு உட்பட எல்லாம் பதிவாகியிருக்கும். புத்தகம் போடுகிறவர்கள் தங்கள் ஆவண அறையில் போய்ப் பார்க்கட்டும்.

பொய்யன் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்? அடிக்குறிப்பில் போடவா? கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிடுங்கள். இத்தனை வருடம் நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன். இன்னொரு புத்தகத்தில் இருந்தால் குடி முழுகிப்போகாது.

இரங்கல் கடிதம் எழுதியது உங்களுக்காக அல்ல. அவர் எனக்குக் கப்பல் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அதை இல்லையென்று சொல்ல முடியாது.


மார்ச் 2

ஐயா,

பென்சில் அழிந்துபோகும். நான் படித்தது கன்னியர் மடத்துப் பள்ளியில். அங்கே பென்சிலில் எழுதிய பதிலுக்கு மதிப்பெண் கிடையாது. தயவுசெய்து பேனா வாங்குங்கள்.

பதிவைக் கேட்டுப் பார்த்தேன். முடிவுத் தாள் மட்டும் இருக்கிறது. வாக்குமூலங்கள் வைத்திருந்த அறையில் ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்துவிட்டதாம். ஆக, அந்த வார்த்தைகள் இப்போது உங்களிடம் மட்டும்தான் இருக்கின்றன.

ஏன் கேட்கிறேன் என்று இப்போது சொல்லமாட்டேன். வினாத்தாளோடு விடைத்தாளையும் சேர்த்து நீட்டினால் அது பரீட்சையாகாது. முன்கூட்டிச் சொல்லிவிட்டால் உங்கள் பதிலை யாரும் நம்பத் தேவையில்லாமல் போய்விடும். நம்பப்படுவது உங்களுக்கு வேண்டியதில்லை என்றால் இந்தக் கடிதத்தைக் கடலில் போடுங்கள். அத்தியாயத்தை என் கையால் பிரதியெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களைப் பற்றி என்ன அச்சாகப்போகிறது என்பதை முழுதாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நீங்கள் ஒருமுறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தீர்கள். கப்பலிலேயே வயதில் சின்னவர் என்பதால் மற்ற அதிகாரிகள் உங்களைப் "பால்குடி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அத்தனை பேரும் வரவேற்பறைக்குப் போக, நீங்கள் மட்டும் தட்டுகளை அடுக்கி அடுக்களைக்கு எடுத்துவந்தீர்கள். வைக்கும்போது ஒன்றை உடைத்தீர்கள். உடைத்ததை நீங்களாகவே வந்து சொன்னீர்கள். அது எனக்கு நினைவிருக்கிறது.

அட்மிரலின் மனைவி


மார்ச் 15

மேடம்,

பேனா வாங்கிவிட்டேன்.

காணாமல்போன மீன்பிடிப் படகு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தோம். இரண்டு இரவும் மூன்று பகலும் கொந்தளிப்பு. கேப்டன் ஐம்பது மணி நேரம் கண் மூடவில்லை. அவருக்கு எங்கள் கப்பலில் "கடிகாரம்" என்று பெயர். நிற்காத கடிகாரம். மூன்றாம் நாள் மதியம் படகு கிடைத்துவிட்டது, நான்கு பேரும் உயிரோடு. கடலும் அடங்கிவிட்டது. திரும்பி வரும்போது பகல் இரண்டு மணிக்கு என்னிடம் காவலை ஒப்படைத்துவிட்டு, சுக்கான் அறைக்குக் கீழே இருந்த சின்ன அறையில் சட்டையோடு படுத்தார். "எதுன்னாலும் கூப்பிடு. யோசிக்காதே, கூப்பிடு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

இரண்டு நாற்பதுக்குப் பனி இறங்கியது. நான் குழாயின் மூடியைத் திறந்து ஊதினேன். சொன்னது இது: "சார், பார்வை ஒரு மைலுக்குக் கீழே இறங்கிடுச்சு. வேகத்தைக் குறைக்கவா?"

வந்த பதில் இது: "குறைக்க வேண்டாம். இதே திசையில போ. டீ வேண்டாம்."

தெளிவான குரல். தூக்கக் கலக்கமே இல்லை. டீயைப் பற்றி நான் பேசவே இல்லை. யாரோ கீழே டீ கொண்டுபோயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். விசாரணையில் இதைச் சொன்னபோதுதான் அந்த அதிகாரி சிரித்தார். "பொய்யை இவ்வளவு அலங்காரமா சொல்லக்கூடாது தம்பி" என்றார். அந்த நேரத்தில் டீயோடு யாரும் கேப்டன் அறைக்குப் போகவில்லை என்று சமையலறை ஆள் சாட்சி சொன்னார். சுக்கான் பிடித்தவர் நான் குழாயில் பேசியதைப் பார்த்தார், என்ன பேசினேன் என்பது அவருக்குக் கேட்கவில்லை. பதில் என் காதுக்கு மட்டும்தான் வந்தது. கேப்டன் நேராக என்னைப் பார்த்து, "என்னை யாரும் கூப்பிடவில்லை" என்றார். அந்தக் கண்ணில் பொய் இல்லை. நான் கேட்டதிலும் பொய் இல்லை. இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படித் தூங்குவது?

மூன்று பதினைந்துக்கு மணல்திட்டில் தட்டினோம். இயந்திர அறையில் ஒருவருக்குக் கால் போனது.

வேகத்தை நானாகவே குறைத்திருக்கலாம். காவல் அதிகாரிக்கு அந்த உரிமை உண்டு. கேப்டன் வேண்டாமென்ற பிறகு குறைக்க எனக்குத் தைரியம் இல்லை. அந்தக் காலுக்கு என்ன தண்டனை கொடுத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். பொய் சொன்னேன் என்றுதான் அனுப்பினார்கள். என் அப்பா பள்ளித் தலைமையாசிரியர். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை, அன்றோடு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பதினாறு வருடம், சாகும்வரை. நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றது. அதற்குப் பிறகு நானும் யாரையும் கேட்கவில்லை.

போதுமா?


ஏப்ரல் 3

மேடம்,

மூன்று வாரம் ஆகிறது. எழுதி வாங்கிக்கொண்டீர்கள், பதிலைக் காணோம். கிணற்றில் கல்லைப் போட்டாலும் ஒரு சத்தமாவது வரும்.

உங்கள் பிரதியை "பொய்யுரைத்தார்" என்ற வரியோடு மூடிவைத்திருந்தேன். நேற்றுத்தான் மீதியைப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது: "இச்சம்பவத்தில் பாடம் கற்ற அவர், தம் பிற்காலக் கப்பல்கள் அனைத்திலும் இரட்டை அறிவிப்பு முறையைக் கொண்டுவந்தார். குழாய் வழியே அறிவித்தபின் ஒருவர் நேரில் சென்று, கேப்டன் எழுந்து நிற்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். இம்முறை இன்று பயிற்சிக் கல்லூரியில் அவர் பெயராலேயே கற்பிக்கப்படுகிறது."

நான் படகோட்டிதான். ஆனால் இரண்டும் இரண்டும் நாலு என்று தெரியும். நான் கூப்பிடவே இல்லையென்றால், கூப்பிட்டவன் நேரிலும் போய் நிற்க வேண்டும் என்று எதற்கு ஒரு சட்டம்? கூப்பிட்டால் தூக்கத்தில் பதில் சொல்லிவிடுவோம் என்று தெரிந்தவன்தானே இதைக் கொண்டுவருவான்? ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு என் கண்ணைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கிறார்.

இத்தனை வருடமும் என் காது கோளாறு என்றோ விதி என்றோ நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பொய் சொன்னார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. இனிமேல் நினைப்பேன். நீங்கள் அந்த அத்தியாயத்தில் கையெழுத்துப் போடுங்கள், போடாமல் இருங்கள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.


ஏப்ரல் 8

தம்பிக்கு,

இதை நான்காவது முறையாக எழுதுகிறேன். மூன்று வார மௌனம் ஆணவம் இல்லை. உங்கள் கடிதத்தில் "டீ வேண்டாம்" என்ற இரண்டு சொல்லைப் படித்தபின் அன்று முழுவதும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

என் கணவர் தூக்கத்தில் பதில் சொல்லுவார். உளறல் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான, தெளிவான பதில். சில சமயம் கண்கூடத் திறந்திருக்கும். கடைசியில் "டீ வேண்டாம்" என்று முடிப்பார். கப்பலில் அவரை எழுப்பும் ஆள் எப்போதும் கையில் டீயோடு வருவாராம். உடம்பு அதற்கும் சேர்த்துப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தது. எழுந்த பிறகு ஒரு சொல்கூட நினைவிருக்காது.

கல்யாணமான முதல் வருடமே இதைக் கண்டுபிடித்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. ஏன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எனக்கு அது வசதியாக இருந்தது. விழித்திருக்கும்போது அவர் மறுப்பார் என்று தெரிந்த விஷயங்களை மதியத் தூக்கத்தில் கேட்பேன். "பாப்பாவைப் பாட்டு வகுப்பில சேர்க்கட்டுமா?" "சேர். டீ வேண்டாம்." மாலையில், "நீங்கதானே சேர்க்கச் சொன்னீங்க" என்பேன். மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள அவருடைய கௌரவம் இடம் கொடுக்காது. "ஆமாம், சொன்னேன்" என்பார். இப்படித்தான் எங்கள் வீட்டில் பாட்டு வந்தது, தையல் இயந்திரம் வந்தது, என் தங்கை இரண்டு மாதம் வந்து தங்கினாள். கடற்படையே அஞ்சிய ஒரு மனிதரை நான் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு.

விசாரணை முடிந்து வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டு மேசையில் ஒரே வாக்கியம் சொன்னார். "அந்தப் பையன் பொய் சொல்லிட்டான், அதுதான் தாங்க முடியல." குழாயில் என்ன பதில் வந்ததாக நீங்கள் சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "அதை ஏன் கேட்கிறே" என்று எழுந்துவிட்டார். எனக்கு அந்த நிமிடமே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் வார்த்தை தெரியவில்லை. தெரியாதவரை சந்தேகம்தானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

நான் வாய் திறந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலை சீருடை போட்டுக்கொண்டு தலைமையகத்துக்குப் போய், "அவன் சொன்னது சரியாக இருக்கலாம்" என்று சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு தூக்கத்தில் உத்தரவு போடுகிறவர் கையில் யார் கப்பலைக் கொடுப்பார்கள்? அவருக்கு முப்பத்தேழு வயது. அவருக்குக் கப்பலைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. மகளுக்கு ஒன்பது வயது. அதனால் சொல்லவில்லை. அவர் உண்மையானவர் என்பதால்தான் நான் பொய்யாக இருந்தேன்.

இரட்டை அறிவிப்பு அவர் கண்டுபிடித்தது அல்ல. இரண்டு வருடம் கழித்து அடுத்த கப்பல் கிடைத்தபோது, பெட்டி கட்டிக்கொண்டிருந்த அவருடைய பணியாளிடம் நான் தனியாகச் சொன்னேன்: "ஐயா தூக்கத்தில பதில் சொல்லுவார். கண்ணு திறந்திருந்தாலும் நம்பாதே. கால் தரையில படுற வரைக்கும் நம்பாதே." அந்த மனிதர் புத்திசாலி. காரணம் சொல்லாமல் அதிகாரிகளிடம் ஒரு பழக்கமாகப் புகுத்திவிட்டார். என் கணவர் அதைக் கப்பல்காரர்களின் நல்ல யோசனை என்று நினைத்து, பாராட்டி, ஆணையாகவே எழுதிவிட்டார். பிறகு எல்லாக் கப்பலுக்கும் கொண்டுபோனார்.

அந்தக் கப்பலின் ஆட்களைக் காப்பாற்ற எனக்கு வாய் வந்தது. உங்களுக்கு வரவில்லை. "சந்தேகம்தானே" என்ற என் சமாதானம் பொய் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆகவே அவரைத் தப்பாக நினைக்காதீர்கள். நினைக்க வேண்டிய ஆள் நான். இதையெல்லாம் வாக்குமூலமாக எழுதி வரலாற்றுப் பிரிவுக்கு அனுப்பப்போகிறேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

நான்


ஏப்ரல் 17

மேடம்,

பயப்பட வேண்டாம். கொடுக்கிற எண்ணம் இல்லை.

உங்கள் கடிதத்தைப் படகில் வைத்து இரண்டு முறை படித்தேன். பிறகு ஒரு சரக்குக் கப்பலைத் துறைக்குத் தள்ளும்போது கொஞ்சம் அதிகமாக முட்டிவிட்டேன். மேலேயிருந்து கெட்ட வார்த்தை வந்தது. பரவாயில்லை.

அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு நிம்மதி. அந்த நிம்மதி எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று புரியவில்லை. நீங்கள் எனக்குச் செய்ததைவிட அது பெரிதாக இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வாக்குமூலத்தைப் பார்த்ததும் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடலாம் என்பார்கள். கடற்படையில் அடைக்க முடியாத ஓட்டைக்கு மேல் வண்ணம் பூசுவார்கள், அது எனக்குத் தெரியும். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பொய்யன் என்ற சொல் போனால் போதாது. நான் கூப்பிட்டேன் என்று இருக்க வேண்டும்.

தம்பி என்று எழுதியிருந்தீர்கள். தட்டு உடைத்த அன்று அப்படிக் கூப்பிட்டீர்கள். இப்போது வேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும்.


மே 5

ஐயா,

நீங்கள் சொன்னபடியே ஆயிற்று. அஞ்சலில் பதில் வரவில்லை, ஆளே வந்தார். வரலாற்றுப் பிரிவின் பொறுப்பாளர், கமாண்டர், நாற்பது வயதிருக்கும். நல்ல பிள்ளை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் என் உடம்பைப் பற்றி விசாரித்தார். நான்தான் "எதுக்கு வந்தீங்களோ அதைச் சொல்லுங்க" என்றேன்.

தூக்கத்தில் பேசினார் என்று அச்சில் போட முடியாது, அது படுக்கையறை விஷயம், அட்மிரலின் பெயருக்கு நல்லதில்லை என்று சுற்றி வளைத்தார். ஆறாவது அத்தியாயத்தை மொத்தமாக எடுத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லையாம். எனக்கு நஷ்டம் என்றேன். பிறகு கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"இதுக்கெல்லாம் சாட்சி வேணும்மா."

"சாட்சிதான் உங்க எதிர்ல உட்கார்ந்திருக்கேன். கல்யாணத்துக்கு அப்புறம் முப்பத்துமூணு வருஷம் கடற்படை அவரை வெச்சிருந்தது. அதில பதினோரு வருஷம் ஏழு மாசம்தான் எனக்குக் கொடுத்தீங்க. அந்தப் பதினோரு வருஷத்தில அவர் தூங்கினதுக்கு வேற யாரும்மா சாட்சின்னு கேட்டா நான் யாரைக் கூட்டிட்டு வர்றது?"

நான் மற்ற பதின்மூன்று அத்தியாயங்களையும் எடுத்துவந்து அவர் முன்னாலேயே உட்கார்ந்து என் கையெழுத்துகளை ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தேன். அளவுகோல் வைத்து அடித்தேன், பிசிறு இல்லாமல். மூன்றாவதில் அவர் எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, போதும். மேலே பேசிப் பார்க்கிறேன்" என்றார். பேசும்வரை காத்திருக்கிறேன் என்றேன்.

நேற்று பதில் வந்துவிட்டது. என் வாக்குமூலம் முழுதாக, என் வாக்கியங்களிலேயே அச்சாகும். "பொய்யுரைத்தார்" என்ற வாக்கியம் போய், "காவல் அதிகாரி விதிப்படி கேப்டனுக்கு அறிவித்தார்" என்று வரும். இரட்டை அறிவிப்பு எப்படி வந்தது என்பதும் உள்ளபடி வரும். கல்லூரியில் அதற்கு இனி அவர் பெயர் இராது. உங்கள் பணிநீக்க ஆணையிலும் அந்தக் காரணத்தை நீக்கித் தனியாக உங்களுக்கு எழுதுவார்கள். வேகத்தைக் குறைக்காதது உங்கள் பதிவில் நிற்கும். அது நியாயம், நீங்களே சொன்னீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் என் மகளுக்கும் வாக்குமூலத்தின் ஒரு பிரதியை அப்போதே அனுப்பினேன். மற்றவர்கள் சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. தொலைபேசியில், "அப்பா போய் இப்பத்தான் ஒரு வருஷம் ஆகுது. நாற்பது வருஷம் சும்மா இருந்தவங்க இன்னும் கொஞ்சம் இருந்திருக்கக் கூடாதா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பதினொரு மணிக்குக் கூப்பிடுவாள். நான்கு ஞாயிறு ஆயிற்று. பதினொரு மணிக்கு நான் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்காருவதை இன்னும் நிறுத்தவில்லை.

அட்மிரலின் மனைவி


ஜூன் 28

அம்மா,

கடிதம் வந்தது. முத்திரை, கையெழுத்து, எண் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. "மேற்படி காரணம் இதனால் நீக்கப்படுகிறது." ஒன்பது வரி. காலையில் வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

உள்ளே வந்து உட்கார்ந்து, இதை முதலில் யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். அப்பா இல்லை. அம்மா இல்லை. நின்றுபோன கல்யாணத்துப் பெண் இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருப்பாள். அவளைத் தேடிப்போய்ச் சொன்னால் நன்றாக இருக்காது. சுக்கான் பிடித்தவர் எந்த ஊரில் இருக்கிறாரோ. சிரித்த அதிகாரியும் போய்ச் சேர்ந்துவிட்டார், பத்திரிகையில் பார்த்தேன். என் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, பக்கத்து வீட்டுப் பூனை. பூனைக்கு வாசித்துக் காட்டினேன். அது வாலை ஆட்டிவிட்டுப் போய்விட்டது.

கடைசியில் வேலைக்கே போனேன். படகின் இயந்திரக்காரர் என்னோடு இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார். நான் என்ன நேரத்துக்கு இருமுவேன் என்பதுவரை அவருக்குத் தெரியும். கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"நீ கடற்படையில இருந்தியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்திரண்டு வருடத்தில் நான் அவரிடம் சொல்லவே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் பொய்யன் என்று சொல்ல ஆளில்லாத ஊராகத் தேடி வந்து உட்கார்ந்திருக்கிறேன். இப்போது பொய்யன் இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. இருந்தேன் என்றேன். "எத்தனை வருஷம்?" என்றார். மூன்று என்றேன். "அவ்வளவுதானா" என்று கடிதத்தை எண்ணெய் படாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

இதைப் பற்றிப் பேச எனக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அது நீங்களாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் உள்ளதைத்தான் சொல்வீர்கள் என்று இப்போது நம்புகிறேன். அந்தச் சாப்பாட்டு மேசைக்குப் பிறகு, அவர் சாகும்வரை இருந்த முப்பத்தெட்டு வருடத்தில், எப்போதாவது என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? நல்லதோ கெட்டதோ. கப்பல் ஓட்டத் தெரிந்தவன் என்றாவது?


ஜூலை 7

தம்பிக்கு,

இந்த முறை அம்மா என்று எழுதியிருந்தீர்கள். அதனால் நானும் அந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன்.

"ஆமாம், ஒருமுறை சொன்னார்" என்று எழுதி மடித்து அனுப்பினால் அதை இல்லையென்று சொல்ல இன்று யாரும் உயிரோடு இல்லை. அப்படி எழுதலாமா என்று நேற்று யோசித்தேன்கூட. வேண்டாம். அவர் சொல்லவில்லை. ஒருமுறைகூட இல்லை. அந்தக் கப்பலின் பெயரை யாராவது எடுத்தாலே எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். அவருக்கு உள்ளே ஏதாவது தட்டியதா என்று நான் கேட்டதில்லை. விசாரணைக்குப் பிறகு அவர் தூங்கும்போது நான் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. அதனால் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதும் எனக்குத் தெரியாது.

நான் செய்தது ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு ஜனவரியிலும் அதிகாரிகளின் பணிமூப்புப் பட்டியல் நீல அட்டைப் புத்தகமாக வீட்டுக்கு வரும். ஓய்வு பெற்ற பிறகும் அனுப்புவார்கள். அவர் தன் வயதுக்காரர்களின் பக்கத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். அவர் வெளியே போன பிறகு நான் உங்கள் தொகுதியின் பக்கத்தை எடுப்பேன். பயிற்சியில் நீங்கள் இரண்டாவதாக வந்தவர். அதனால் முதல் பெயருக்கும் மூன்றாவது பெயருக்கும் நடுவில், உங்கள் பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தில், விரலை வைப்பேன்.

உங்களுக்கு முப்பத்தாறு வயதானபோது அந்த இரண்டு பேரும் கமாண்டர் ஆனார்கள். நாற்பத்துநாலில் கேப்டன். மூன்றாவது ஆளுக்கு ஒரு வருடம் தள்ளிப்போயிற்று, உங்களுக்குத் தள்ளிப்போயிருக்காது. ஐம்பத்துமூன்றில் முதல் பெயருக்கு அட்மிரல் கொடி கிடைத்தது. மூன்றாவது பெயருக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்திருக்குமா என்று நான் ஒரு வாரம் யோசித்தேன். கிடைத்திருக்கும் என்று முடிவு செய்தேன்.

பிறகு அந்தப் பக்கம் ஆண்டுக்கு ஆண்டு குறுகிக்கொண்டே வந்தது. நாலு வருடத்துக்கு முன் வந்த புத்தகத்தில் உங்கள் தொகுதியில் ஒரு பெயர்கூட இல்லை. அன்றோடு நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள். என் கணவர் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்புடன்,
அம்மா